சங்கின் வாய் எந்தப் பக்கம்?

'அபெர்ச்சர்' கேமராவில் லென்ஸின் திறப்பு. சங்கில் அதன் வாய். நாம் வலம்புரி என்பதை விலங்கியல் நூல்கள் இடஞ்சுழி என்கின்றன. ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றி 1914-இல் எழுதிய நூலிலும் அப்படித்தான். அப்போ யார் சொல்வது தப்பு? யாருமே இல்லை. சங்கைப் பிடிக்கிற விதம்தான் வேறு. அவர்கள் சுருள்முனையை மேலே வைத்துப் பார்ப்பார்கள். வாய் இடப்பக்கம் வரும். நம் மரபில் சுருள்முனை கீழே; அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும்.

மன்னார் வளைகுடாச் சங்குகளில் வலம்புரி மிக அரிது, அதனால் விலையும் அதிகம். ஆனால் அமெரிக்கக் கடலோரத்தில் இயல்பாகவே இடஞ்சுழியாக வளரும் வேறொரு இனம் உண்டு. அதையும் வலம்புரி என்று விற்கிறார்கள். வாய் இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வாய்க்குள்ளே பாருங்க: நம் சங்கின் நடுத்தண்டில் வரிவரியாக மடிப்புகள் இருக்கும். அமெரிக்கச் சங்கில் இருக்காது.