செவலைக் குட்டையும் சீமை மாடும்: நம்ம ஊர் மாட்டின் கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேணும், நம்ம குழுக்கள் கொடுத்த கடனில் மாட்டுக் கடன்தான் அதிகம், அதனால் மாட்டின் வரலாற்றை நீங்களே எழுதுங்கள் என்று கூட்டமைப்பில் சொல்லிவிட்டார்கள். நான் கணக்கு எழுதிப் பழகியவள், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், அதில் என் வீட்டுக் கதையும் வரும்.

1987-ல் உச்சிப்புளிப் பக்கம் நான் வாக்கப்பட்டு வந்தபோது மாமியார் வீட்டில் ஒரு செவலைப் பசு நின்றது. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். குட்டை மாடு என்று சொல்வோம். அதுக்குத் தீவனம் என்று யாரும் காசு செலவழித்துப் பார்த்ததில்லை. காலையில் அவிழ்த்து விட்டால் கண்மாய்க் கரை, பனங்காடு, கடற்கரை ஓரம் எல்லாம் மேய்ந்து, கருவை நெத்தைப் பொறுக்கித் தின்று, பொழுது சாய்ந்தால் தானே வீடு வந்து சேரும். வைக்கோல் தீர்ந்துபோன சித்திரை வைகாசியிலும் நின்று பிழைத்தது. பால்? கன்னு குடித்தது போக ஒன்று, ஒன்றரை லிட்டர். "பாலுக்காகவா மாடு வச்சிருக்கோம், சாணிக்கும் உழவுக்கும்தான்" என்பார் மாமியார். கிடேரி பிறந்ததைவிடக் காளைக் கன்னு பிறந்தால்தான் அப்போது சந்தோசம். ஏரில் பூட்டலாம், வண்டியில் பூட்டலாம்.

நம்ம பக்கத்துப் பெரிய இனம் புலிக்குளம். சிவகங்கை பிரிவதற்கு முன்னால், அதாவது 1985 வரைக்கும், அதுவும் நம்ம மாவட்டத்து மாடுதான். அறுவடை முடிந்ததும் கூட்டம் கூட்டமாக ஓட்டி வந்து வயலில் கிடை போடுவார்கள். அந்த உரத்துக்கே நெல்லும் காசும் கொடுத்தார்கள். மஞ்சுவிரட்டில் பாய்வதும் அந்தக் காளைதான். கடற்கரை ஊர்களில் நின்ற குட்டை மாடுகளுக்கு இப்படிப் பேரும் கிடையாது, புகழும் கிடையாது. பருவத்துக்கு வந்தால் ஊர்க் கோயில் காளையோடு சேரும், அவ்வளவுதான்.

சீமை மாடு எப்படி வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு பால் பற்றாக்குறை பெரிய பேச்சாக இருந்தது. 1950-களில் முக்கிய கிராமத் திட்டம் என்று ஒன்று வந்தது. நல்ல காளையின் விந்தை எடுத்து ஊசி வழியாகச் சினைப்படுத்தும் வேலை அதில் தொடங்கியது. 1970-ல் வெண்மைப் புரட்சி, 1981-ல் நம்ம ஆவின் இணையம். உறைவிந்து வந்ததும் வேலை சுலபமாகிவிட்டது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில், மெல்லிய குழாயில் அடைத்து வைத்தால் வருசக் கணக்கில் கெடாது. எங்கோ நிற்கும் காளைக்கு உச்சிப்புளியில் கன்னு பிறக்கும்.

தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைக்குப் பிரீசியன் என்று வகுத்தார்கள். ஜெர்சி சீமை மாடுகளில் சின்னது, பாலில் கொழுப்பும் கூடுதல். கொழுப்பைப் பார்த்துத்தானே நமக்கு விலை போடுகிறார்கள்! இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லணும். ஜெர்சி என்பது ராமேஸ்வரம் போல ஒரு தீவு, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் இருக்கிறது. தங்கள் மாட்டில் கலப்பு வந்துவிடக் கூடாது என்று 1789-லேயே வெளி மாடு தீவுக்குள் வரத் தடை போட்டவர்கள் அவர்கள். இருநூறு வருசத்துக்கு மேல் அந்தக் கட்டுப்பாடு இருந்தது. கலப்பே ஆகாது என்று காத்த மாட்டைக் கொண்டுவந்துதான் உலகம் முழுக்கக் கலப்பு செய்தார்கள்.

முதல் கலப்பில் வந்த பசு உண்மையிலேயே நல்ல பசு. அதை நான் மறுக்க மாட்டேன். பாதி நாடு, பாதி ஜெர்சி. ஆறு லிட்டர், எட்டு லிட்டர் கறந்தது, வெயிலையும் ஓரளவு தாங்கியது. எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் படித்தது அந்தப் பாலில்தான். கெட்டது அதற்கு அப்புறம். கலப்புப் பசுவுக்கு மறுபடி சுத்த ஜெர்சி ஊசி, அதன் கன்னுக்கும் அதே ஊசி என்று போனால் முக்கால் பங்குக்கு மேல் சீமை ரத்தம் ஏறிவிடும். திமில் போச்சு, அலைதாடி போச்சு, பங்குனி வெயிலில் வாயைத் திறந்து நுரை தள்ளி மூச்சு வாங்கும். பாதியில் நிறுத்து, மிஞ்சினால் 62.5 சதவீதம் என்று கொள்கையிலேயே இருக்கிறது. ஆனால் மாட்டின் நெற்றியில் சதவீதம் எழுதியிருக்கிறதா என்ன! தாய்க்கு என்ன ஊசி போட்டது என்று எழுதி வைக்காத வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இனி என் கதை. 2002-ல் குழுவில் உள்கடன் 6,000 ரூபாய் எடுத்து ஒரு கிடேரி வாங்கினேன். குட்டை மாட்டின் வாரிசுதான், வயசும் சின்னது. பருவத்துக்கு வந்து கத்தியதும் அவசரம் எனக்கு. ஊசி போட வந்தவரிடம் எது இருந்ததோ அதைப் போட்டார். "பெரிய சாதிக் கன்னு, பால் கொட்டும்" என்றார். கறுப்பு வெள்ளை பிரீசியன் என்று பிறகுதான் தெரிந்தது. நானும் கேட்கவில்லை. ஒன்பது மாசம் பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வலி எடுத்தது. முன்னங்கால் இரண்டும் வெளியே வந்தன, தலை வரவில்லை. வீட்டுக்காரரும் கொழுந்தனும் கயிறு கட்டி இழுத்தார்கள். விடியற்காலையில் டாக்டர் வந்து எடுத்தபோது கன்னு செத்திருந்தது. பசுவுக்குப் பின்னங்கால் இரண்டும் செத்துப் போய் எழ முடியவில்லை. நாலாம் நாள் அதுவும் போனது.

பிறகுதான் கணக்கைத் தெரிந்துகொண்டேன். கேரளத்து வெச்சூர் குட்டை மாட்டின் கன்னு பிறக்கையில் 10 கிலோ அளவில் இருக்கும். ஜெர்சிக் கன்னு 25 கிலோ. பிரீசியன் கன்னு 40 கிலோ. தாயின் வயிறு சின்னதாக இருந்தால் உள்ளே வளரும் கன்னும் கொஞ்சம் அடங்கி வளரும் என்பது உண்மைதான். 1938-ல் இங்கிலாந்தில் பெரிய குதிரையையும் குள்ளக் குதிரையையும் இரண்டு வழியிலும் கலந்து இதை நிரூபித்தார்கள். குள்ளத் தாய் போட்ட குட்டி, பெரிய தாய் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்ததாம். ஆனால் முதல் ஈத்துக் கிடேரியின் இடுப்பெலும்பு அந்தக் கணக்கை நம்பி நிற்க முடியாது. சின்ன மாட்டுக்குச் சின்னக் காளை, அதுவும் முதல் ஈத்துக்கு. இதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால்!

குழு கடனைத் தள்ளவில்லை, தள்ளவும் கூடாது. தவணையை மட்டும் நீட்டித் தந்தார்கள். பனை ஓலைப் பெட்டி முடைந்து இரண்டு வருசத்தில் அடைத்தேன். அந்த ரசீது இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

கேரளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 1961-ல் சட்டம் போட்டு, அனுமதி இல்லாத நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் செய்தார்கள். வைக்கம் பக்கத்து வெச்சூர் மாடு மூன்றடி உயரம்கூட இருக்காது. அது கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1989-ல் மண்ணுத்தி வேளாண் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சோசம்மா ஐப் அம்மாவும் மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி மிஞ்சியதைச் சேர்த்து வளர்த்தார்கள். அந்த அம்மாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்ம குட்டை மாட்டை அப்படித் தேடிப் போனவர் இல்லை. உழவுக்கு டிராக்டர் வந்ததும் காளைக் கன்னு அடிமாடாகப் போனது, கோயில் காளையும் குறைந்தது, பசுவுக்கு ஊசி. சத்தமில்லாமல் கலந்து போய்விட்டது.

2011-ல் அரசு விலையில்லாக் கறவை மாடு கொடுக்கத் தொடங்கியபோது அது பெண்கள் பேரிலேயே வந்தது. அது பெரிய விசயம், மாடு நம்ம பேரில் இருப்பது. ஆனால் தண்ணீர் உவர்ப்பு, பசுந்தீவனம் கிடையாது. நம்ம கடற்கரையில் கலப்பு மாட்டைக் காப்பாற்ற எத்தனை பேர் திண்டாடினோம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. ஆந்திரத்துப் புங்கனூர்க் குட்டையைப் போனில் பார்த்துவிட்டு, போன மாசக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி கடன் கேட்டாள். லட்சக் கணக்கில் விலை சொல்கிறார்களாம். புங்கனூர்க் காளையை வீட்டில் நிற்கும் ஜெர்சிக் கலப்போடு சேர்த்தால் குட்டைக் கன்னு பிறக்கும், நல்ல விலைக்கு விற்கலாம் என்பது அவள் திட்டம். பெரிய தாய், சின்னக் காளை என்றால் பிரசவத்தில் பயமில்லை, அது சரி. ஆனால் அந்தக் கன்னு புங்கனூரும் ஆகாது, ஜெர்சியும் ஆகாது. தாயளவு பாலும் வராது. வேடிக்கைக்கு வாங்குகிற பட்டணத்துக்காரருக்கு இன்னும் எத்தனை வருசம் இந்த ஆசை இருக்கும்? நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேர் கொடுக்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

அதுவரைக்கும் எங்கள் குழுவில் மாட்டுக் கடன் விண்ணப்பத்தோடு ஒரு தாள் சேர்த்திருக்கிறோம். கிடேரிக்கு எத்தனையாவது ஈத்து, தாய்க்குப் போட்ட ஊசி எது, இப்போது போடப் போவது எது, குழாயில் எழுதியிருக்கும் காளை எண் என்ன. ஊசி போடுபவரிடம் கேட்டு அன்றைக்கே எழுதணும். கையெழுத்து மாட்டுக்காரி போடணும், வீட்டுக்காரர் இல்லை.