வாசலைத் திறந்தது சட்டம்



எதிரணித் தலைவர் அண்ணன் இப்பத்தான் அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்தார். "சட்டம் வெறும் காகிதம். மனசு மாறினா எல்லாம் தானா மாறும்." அண்ணே, மனசு மாறுற வரைக்கும் வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்குமே, அதுக்கு என்ன பண்றது?

உங்களை நான் ஒரு மதுக்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நடுவர் பயப்பட வேண்டாம், வாசல் வரைக்கும்தான்! (சிரிப்பு)

நியூயார்க் நகரம், மன்ஹாட்டன், கிழக்கு 7ஆம் தெரு. மெக்சார்லி என்று ஒரு பீர்க்கடை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஜான் மெக்சார்லி தொடங்கியது. 1854இல் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நகரத்துப் பழைய பதிவுகளைப் புரட்டியவர்கள், "ஏழெட்டு வருஷம் குறைச்சுக்குங்க" என்கிறார்கள். வயசை எல்லாரும் குறைச்சுச் சொல்வாங்க, இவங்க கூட்டிச் சொல்றாங்க!

தரையெல்லாம் மரத்தூள். குடிக்க ரெண்டே வகை பீர்தான், வெளுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கடிச்சுக்கப் பாலாடைக்கட்டி, பச்சை வெங்காயம். அக்கம்பக்கத்துத் தொழிலாளிகள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுற இடம். முதல் உலகப் போருக்குப் போன பையன்கள் வான்கோழியின் கவட்டை எலும்பை விளக்குக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். உயிரோடு திரும்பினவன் தன் எலும்பைக் கழற்றிக்கொள்வான். திரும்பாதவன் எலும்பு அப்படியே தொங்கும். அதில் தூசி படிந்து, படிந்து, 2011இல் சுகாதாரத் துறை உத்தரவு போட்ட பிறகுதான் தட்டினார்கள். தூசி தட்டக்கூட அங்கே சட்டம் வேண்டியிருந்தது! (கைதட்டல்)

அந்தக் கடையின் கொள்கை என்ன தெரியுமா? நல்ல பீர் உண்டு, வெங்காயம் உண்டு, பெண்கள் கிடையாது.

1936இல் டேனியல் ஓ'கானல் என்ற போலீஸ்காரர் கடையை வாங்கினார். 1939இல் இறந்துபோனார். கடை யாருக்கு வந்தது? மகள் டோரத்திக்கு. ஆமாங்க, பெண்களே நுழையக்கூடாத கடைக்கு ஒரு பெண் முதலாளி! பெண்களை உள்ளே விடமாட்டேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் நிர்வாகத்தைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகுதான் தன் சொந்தக் கடைக்குள்ளே வருவாராம். முப்பது வருஷம்! அண்ணே, முதலாளி பெண். சாவி அவங்க கையில. இருந்தும் வழக்கத்தை மாத்த முடியலையே!

1969 ஜனவரியில் ஃபெய்த் சைடன்பெர்க், கேரன் டிக்ரோ என்ற இரண்டு பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தார்கள். வழக்குப் போட்டார்கள். கடைக்காரர் சொன்ன பதில் நமக்கெல்லாம் பழக்கமானதுதான்: "இது தனியார் இடம், பழைய வழக்கம்." நீதிமன்றம் 1970 ஜூனில் என்ன சொன்னது? உரிமம் தருவது அரசாங்கம். கடையை ஒழுங்குபடுத்துவதும் அரசாங்கம். பொதுமக்களுக்காகத் திறந்த கடை இது. அரசியலமைப்பு தரும் சமத்துவம் உன் வாசலில் நின்றுவிடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 10ஆம் தேதி மேயர் ஜான் லிண்ட்சே, பொது இடங்களில் பெண்களை ஒதுக்கக்கூடாது என்று நகரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே உள்ளே போன ஒரு பெண்கள் சங்கத் துணைத்தலைவி மேல் ஒரு ஆள் பீரைக் கொட்டினான். இதைத்தான் எதிரணி பிடித்துக்கொள்வார்கள், "பாத்தீங்களா, மனசு மாறலையே!" என்று. மாறலைதான். ஆனாலும் அந்தம்மாவை வெளியே தள்ள முடியலையே! பீர் கொட்டினாலும் வாசல் திறந்தே இருந்தது. முதல் கோப்பைக்கு டோரத்தியை அழைத்தபோதுகூட, வாக்கை நினைத்து மறுத்துவிட்டார். பக்கத்துக் கடையில் தோல் செருப்புத் தைக்கிற பெண்மணிதான் முதலில் குடித்தார்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்ட இன்னும் பதினாறு வருஷம் ஆச்சு, 1986. அதுவரை இருந்த ஒன்றையே இருபாலாரும் முறைபோட்டுக்கொண்டார்கள்! 1977இல் கடை மேட்டி மேஹர் என்பவர் கைக்கு வந்தது. 1994இல் அவர் மகள் தெரசா கடைமேடைக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றினார். அந்தக் கடையில் அப்படி நின்ற முதல் பெண் அவர்தான்.

டோரத்தியும் முதலாளியின் மகள், தெரசாவும் முதலாளியின் மகள். இந்த ரெண்டு மகள்களுக்கும் நடுவில் வந்தது 1970ஆம் வருஷத்துச் சட்டம். நடுவர் அவர்களே, கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்)