வளைந்த நிலம், பிளவுபட்ட பார்வை: அனிமல் கிராசிங் தொடரில் காட்சிக்கோணத்தின் வரலாறு (2001–2021)

முன்னுரை

மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் வீடியோ கேம்களில் வானம் தெரிவதில்லை. கேமரா தரையை நோக்கியே இருப்பதால் திரை முழுவதும் மண்ணும் புல்லுமாக இருக்கும். நின்டெண்டோ நிறுவனத்தின் ‘அனிமல் கிராசிங்’ தொடரும் 2001இல் இப்படித்தான் தொடங்கியது. 2005இல் அதன் நிலம் வளைந்தது. நடக்கும்போது ஊரே காலடியில் உருள்வது போன்ற அந்தக் காட்சியை ஆட்டக்காரர்கள் ‘ரோலிங் லாக்’ என்று அழைக்கத் தொடங்கினர். தொடரின் அடையாளமே அதுதான் என்பது ஒரு சாராரின் கருத்து. எரிச்சலூட்டும் தடை என்பது மற்றொரு சாராரின் கருத்து.

இந்த வளைவு எத்தேவையிலிருந்து பிறந்தது, அதைப் பற்றிய கருத்து ஏன் பிளந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கருத்து வேறுபாட்டை ரசனையால் மட்டும் விளக்க முடியாது. இந்தத் தொடர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த வேலை காலப்போக்கில் மாறியது, வளைவு மாறவில்லை. பிளவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்டம் கட்டமாக ஓர் ஊர்

தொடரின் முதல் கேம் ‘தோபுத்சு நோ மோரி’ என்ற பெயரில் 2001 ஏப்ரலில் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்கு வெளியானது. இதை உருவாக்கியவர்களில் கட்சுயா எகுச்சியும் ஹிசாஷி நோகாமியும் முதன்மையானவர்கள். சீபாவிலிருந்து வேலைக்காகக் கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்த எகுச்சி, உறவையும் நட்பையும் பிரிந்திருந்த தனிமையே இந்தக் கேமுக்கு வித்திட்டதாகக் கூறியிருக்கிறார். அந்நிய ஊரில் குடியேறுவது, அக்கம்பக்கத்தாரோடு பழகுவது, கடன் அடைப்பது, மீன் பிடிப்பது ஆகியவையே இதில் ஆட்டம். வெற்றி, தோல்வி என்று எதுவும் இல்லை.

2002இல் கேம்கியூப் கருவி வழியாக இது வட அமெரிக்காவை எட்டியது. அப்பதிப்பில் ஊர் தட்டையானது. 5 நிரலும் 6 வரிசையுமாக 30 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தின் விளிம்பைத் தாண்டும்போதுதான் காட்சி அடுத்த கட்டத்துக்கு நகரும். அடுத்து என்ன இருக்கிறது என்பது எல்லையைக் கடக்கும்வரை தெரியாது. பழைய பதிப்பை இன்றும் விரும்புவோர் இதையே அதன் சிறப்பாகச் சொல்கின்றனர். ஒவ்வொரு கட்டமும் தனி இடமாக மனத்தில் பதிந்தது என்பதும், ஊர் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தோன்றியது என்பதும் அவர்கள் வாதம்.

ஆனால் இந்த அமைப்பில் ஒரு முரண் இருந்தது. கேம் உண்மையான கடிகாரத்தோடு இணைந்தே ஓடியது. வெளியே இரவென்றால் கேமிலும் இரவு. டிசம்பர் என்றால் பனி. பொழுதையும் பருவத்தையும் உயிராகக் கொண்ட ஒரு கேமில், அவற்றை முதலில் காட்ட வேண்டிய வானத்துக்கே இடமில்லை.

வானம் வந்த வழி

2005 நவம்பரில் ஜப்பானிலும் டிசம்பரில் வட அமெரிக்காவிலும் ‘வைல்டு வேர்ல்டு’ வெளியானது. இது நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்கானது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திரைகள். கீழ்த்திரையில் நிலம், மேல்திரையில் வானம் என்று பிரித்துக் காட்ட வசதி கிடைத்தது. தரை தட்டையாகவே இருந்திருந்தால் அது திரையின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றிருக்கும், வானத்தோடு சேர்ந்திருக்காது. நிலத்தைத் தொலைவில் கீழ்நோக்கி வளைத்ததும் தொடுவானம் உருவானது. இரண்டு திரைகளும் ஒரே காட்சியாக இணைந்தன.

வானம் வெறும் பின்னணியாக நிற்கவில்லை, ஆட்டத்தின் பகுதியானது. உண்டிவில் இப்பதிப்பில்தான் அறிமுகமானது. மேலே மிதந்து செல்லும் பலூனை அடித்துப் பரிசை வீழ்த்தலாம். அருங்காட்சியகத்தில் வானியல் ஆய்வுக்கூடம் ஒன்று வந்தது. ஆட்டக்காரர் தாமே வரைந்த விண்மீன் கூட்டத்தை இரவு வானில் காணலாம். கட்டங்களின் எல்லையில் காட்சி தாவுவதும் நின்று, ஊர் தொடர்ச்சியான ஒரே பரப்பானது.

கருவியின் வரம்பும் இங்கே கருதத்தக்கது. டிஎஸ் ஒரு சட்டகத்தில் ஏறத்தாழ 2,048 பல்கோணங்களை மட்டுமே வரைய வல்லது. தொடுவானத்துக்கு அப்பால் இருப்பதை வரையத் தேவையில்லை என்பதால், வளைவு அந்தச் சுமையையும் குறைத்திருக்கும் என்று கருத இடமுண்டு.

வளைவு இயங்கும் விதம்

‘வளைந்த உலகம்’ என்றாலும் இது உருண்டையான உலகமல்ல. 2007இல் வந்த ‘சூப்பர் மாரியோ கேலக்சி’யில் பாத்திரம் சிறு கோள்களை உண்மையிலேயே சுற்றி வரும், அங்கே ஈர்ப்பும் வளைந்தது. அனிமல் கிராசிங்கில் வடிவம் உருளை. கிடத்திய அம்மிக் குழவியின்மேல் துணியை விரித்தாற்போல, நிலம் வடக்கு தெற்காக மட்டுமே வளைகிறது; கிழக்கு மேற்காக நேராகவே கிடக்கிறது.

இத்தகைய காட்சியை உருவாக்கப் பரவலாகப் பின்பற்றப்படும் முறை எளியது. பொருள்கள் தட்டையான வரைபடத்திலேயே இருக்கும். திரையில் வரையும் நொடியில் மட்டும், தொலைவுக்கேற்ப ஒவ்வொரு புள்ளியும் கீழே இறக்கப்படும். தூரம் இருமடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. நடப்பதற்கும் மோதுவதற்குமான கணக்கு தட்டைத் தரையிலேயே நடக்கும்.

இதன் விளைவு பெரிது. நிஜ உலகில் தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். இந்தக் கேமிலோ சில வீடுகளுக்கு அப்பாலேயே நிலம் மறைந்துவிடுகிறது. எதிரே வரும் வீட்டின் கூரை முதலில் எட்டிப்பார்க்கும், பிறகு சன்னல், அப்புறம் வாசல்.

விரும்புவோரும் வெறுப்போரும்

2008இல் வீ கருவிக்கு வந்த ‘சிட்டி ஃபோக்’, 2012இல் 3டிஎஸ் கருவிக்கு வந்த ‘நியூ லீஃப்’ ஆகிய இரண்டும் வளைவைத் தொடர்ந்தன. கைத்திரையின் தேவைக்குப் பிறந்தது தொலைக்காட்சிக்கும் சென்று, தொடரின் பாணியாக நிலைத்தது. கருத்துகள் கூர்மையடைந்ததும் இதற்குப் பின்னரே.

வளைவை விரும்புவோர் சொல்வது நெருக்கம். கைக்கடக்கமான சிறு கோளில் வாழ்வதுபோல் இருக்கிறது; மறைந்திருப்பது மெல்ல எழுந்து வருவதால் நடையே சுவையாகிறது; மரமும் வீடும் முகப்பைக் காட்டி நிற்கின்றன என்பர்.

வெறுப்போரின் குறைகள் மூன்று வகைப்படும். முதலாவது உடல் சார்ந்தது: தரை உருள்வதைப் பார்த்தால் சிலருக்குத் தலைசுற்றும். கண் அசைவைக் காண, உட்செவியின் சமநிலை உறுப்பு அதை உணராதபோது ஏற்படும் முரண்பாடே இத்தகைய குமட்டலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இரண்டாவது பார்வை சார்ந்தது: தொலைவில் இருப்பது தெரிவதில்லை. மூன்றாவது அழகியல் சார்ந்தது: நேராக நிற்க வேண்டியவை சரிந்து தெரிகின்றன.

குடியிருந்தவர் கட்டுநர் ஆனபோது

2020 மார்ச் 20 அன்று, பெருந்தொற்றால் உலகம் வீட்டுக்குள் முடங்கிய வேளையில், ஸ்விட்ச் கருவிக்கு ‘நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானது. இயக்குநர் அயா கியோகோகு. 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்ற இப்பதிப்பு ஆட்டக்காரரின் நிலையை அடியோடு மாற்றியது. முன்பு ஊரின் நிலவடிவம் பெரிதும் கொடுக்கப்பட்டபடியே இருக்கும். அதில் குடியிருப்பதே ஆட்டம். இப்போது ஊர் ஒரு தீவு; கேமில் வரும் பாடகர் கே.கே. ஸ்லைடரின் முதல் கச்சேரி முடிந்ததும் ஆற்றைத் திருப்பலாம், குன்றை எழுப்பலாம், பாதை போடலாம்.

காட்சிக்கோணமோ பழைய குடியிருப்பாளருக்கு உரியதாகவே தொடர்ந்தது. வெளியே கேமராவைச் சில நிலைகளுக்குள் சாய்க்கலாம், சுழற்ற முடியாது. வீட்டுக்குள் மட்டும் சுழற்றலாம். தாம் அமைத்த தீவை முழுமையாகப் பார்க்க அதை அமைத்தவருக்கே வழியில்லை. வடக்கு நோக்கிய அருவி கண்ணில் படாது. குன்றுக்குப் பின்னால் வைத்த தோட்டம் மறைந்துவிடும். கட்டடங்கள் எல்லாம் தெற்கு பார்த்தே நிற்கும்.

இத்தடையையே சிலர் கருவியாக்கினர். தொலைவில் சிறு பொருள்களை வைத்துப் பெரிய நகரமோ மலைத்தொடரோ தெரிவதுபோல் காட்டும் கண்கட்டு உத்தி பரவியது. ஒரே திசையிலிருந்துதான் பார்க்க முடியும் என்பது உறுதியானால்தான் இந்த ஏமாற்று பலிக்கும். நாடக மேடையின் இலக்கணமும் இதுவே.

2021 நவம்பரில் வந்த 2.0 பதிப்பு புதிய கேமரா வசதி ஒன்றைக் கொடுத்தது. அதைக் கையில் ஏந்தி, பாத்திரத்தின் கண்மட்டத்திலிருந்தே தீவைப் பார்க்கலாம். வளைவு கைவிடப்படவில்லை, அதன் பக்கத்தில் இன்னொரு பார்வைக்கு இடம் தரப்பட்டது.

முடிவுரை

இந்த வளைவு 2005இல் ஒரு தெளிவான சிக்கலைத் தீர்த்தது: வானமில்லாத ஊருக்கு வானம் கொடுத்தது. ஊரில் வாழ்வதே ஆட்டமாக இருந்தவரை, பார்வையைச் சுருக்கியது குறையாகவில்லை. வாழ்பவருக்கு அடுத்த வீடு தெரிந்தால் போதும். ஊரை அமைப்பதே ஆட்டமானபோது அதே சுருக்கம் குறையானது. அமைப்பவருக்கு முழு நிலமும் தெரிந்தாக வேண்டும். தலைசுற்றும் உடல்களைத் தனியே வைத்துப் பார்த்தால், விரும்புவோரும் வெறுப்போரும் ஒரே காட்சியை மதிப்பிடவில்லை; தத்தம் வேலைக்கு அது உதவுகிறதா என்றே அளக்கின்றனர். பலர் காலையில் குடியிருப்பாளராகவும் இரவில் கட்டுநராகவும் ஆடுவதால், ஒருவரே இரு கருத்தையும் கொண்டிருப்பதும் இயல்பு. ஆகவே வளைவு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி பயனற்றது. நிலத்தை மாற்றும் உரிமையை ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் கேம், அந்த வேலை நடக்கும் நேரத்திலாவது நிலத்தைத் தட்டையாக, எல்லாத் திசையிலிருந்தும் பார்க்கும் உரிமையையும் கொடுக்க வேண்டும்.