தேய்த்தால் தெரியும் ஓவியம்

வியட்னாமின் அரக்கு ஓவியத்தை அந்நாட்டவர் ‘சொன் மாய்’ என்கின்றனர். சொன் என்றால் பூச்சு. மாய் என்றால் தேய்த்தல். பூச்சு முதலில் வந்தாலும் ஓவியரின் கைத்திறன் வெளிப்படுவது தேய்ப்பில்தான்.

அரக்கு என்றதும் நமக்குப் பாண்டவர்களின் அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். நாம் அறிந்த அரக்கு பூச்சி தருவது. வியட்னாமியர்களின் அரக்கோ மரத்தைக் கீறி வடிக்கும் பால். ஹனோய்க்கு வடமேற்கிலுள்ள ஃபூ தோ வட்டாரம் அதற்குப் பெயர் பெற்றது. ரப்பர் மரம் சீவிய தலைமுறைக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இந்தப் பால் கையில் பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

நெடுங்காலமாக இது கோயில் பீடங்களுக்கும் பெட்டிகளுக்கும் தட்டுகளுக்கும் பூசப்பட்டு வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1925ஆம் ஆண்டு ஹனோயில் இந்தோசீன நுண்கலைக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜோசப் அங்கம்பெர்த்தி இந்தக் கைத்தொழிலைக் கவனித்து மாணவர்களை அதன்பால் ஊக்குவித்தார். 1930களில் மாணவர்களும் கைவினைஞர்களும் சேர்ந்து சோதித்ததில், அலங்காரப் பூச்சு ஓவியமாக மாறியது.

செய்முறை தலைகீழானது. கறுப்புப் பலகையில் முட்டை ஓட்டுத் துண்டுகளைப் பதிப்பார்கள். அரக்கில் வெள்ளை நிறம் வராது, ஓடுதான் வெள்ளை. அதன்மேல் வெள்ளித் தாள், தங்கத் தாள், செந்நிற அரக்கு என அடுக்கடுக்காக ஏறும். ஒவ்வோர் அடுக்கும் உலர ஈரக்காற்று வேண்டும். இறுதியில் படமே மறைந்துவிடும். பின்னர் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருக்கும் உருவம் மேலே வரும். ஒரு தேய்ப்பு கூடினாலும் அந்த நிறம் போயிற்று!

இக்கலையின் தலைமகன் நுயென் ஜா திரி (1908–1993). ‘வட, நடு, தென் நாட்டு வசந்தத் தோட்டம்’ என்ற படைப்பை 1969இல் தொடங்கிய அவர், 1980களின் இறுதியில்தான் முடித்தார். ஒன்பது பலகைகள், நீளம் 5.4 மீட்டர். 2013இல் அது தேசியப் பொக்கிஷமானது.

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் 2017இல் அவரது பழைய ஓவியம் ஒன்றையும், அமெரிக்காவில் பிறந்த வியட்னாமியக் கலைஞர் ஃபீ ஃபீ வான் படைத்தவற்றையும் அருகருகே வைத்துக் காட்டியது. வானின் அரக்குப் படங்கள் கையடக்கக் கணினித் திரை வடிவில் இருந்தன. மரபு உயிரோடிருப்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் 2019இல் ஹோ சி மின் நகரிலிருந்து வந்தது வேதனையான செய்தி. அங்குள்ள நுண்கலை அரும்பொருளகத்தில் ‘வசந்தத் தோட்ட’த்தைச் சுத்தம் செய்தபோது, பாத்திரம் கழுவும் திரவத்தையும் உப்புத்தாளையும் பயன்படுத்திவிட்டனர். அழுக்கோடு நிறங்களின் ஆழமும் கரைந்தது. தேய்ந்த இடங்கள் வெளிறிப் போயின. எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது என்று அறிந்த ஓவியர் மறைந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.