கடலடியில் கிடைத்த பதில்

விமானத்தின் கறுப்புப் பெட்டி ஏன் இத்தனை முக்கியம் என்பதை எயார் பிரான்ஸ் 447 விசாரணையிலிருந்தே நான் விளங்கிக்கொண்டேன்.

2009 ஜூன் 1 அன்று, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பரிஸ் நோக்கிச் சென்ற அந்த எயார்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. 228 பேரும் உயிரிழந்தனர். விமானம் தானாக அனுப்பிய இறுதித் தகவல்கள், வேக அளவீடுகள் முரண்பட்டதைக் காட்டின.

பல கட்டத் தேடலின் பின், 2011 மே மாதம், ஏறக்குறைய 3,900 மீற்றர் ஆழத்திலிருந்து பதிவுக்கருவிகள் மீட்கப்பட்டன. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிப்பளிங்குகள் அடைத்ததால் தன்னியக்கச் செலுத்தி நின்றுபோனது. விமானத்தின் மூக்கு உயர்த்தப்பட, அது தூக்குவிசையை இழந்தது. ஒரு நிமிடத்துக்குள் அளவீடுகள் சீரடைந்தும் விமானம் மீளவில்லை.

தேடலைக் கைவிட்டிருந்தால், பழி கருவியோடு நின்றிருக்கும். காணாமற்போன உறவுகளுக்கு என்ன நடந்தது என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தத் தேடலின் பெறுமதி தெரியும்.