மருதானையில் நின்ற ட்ராம்

ரயில், பஸ் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தாலே எங்கட ஆக்கள் முதலில் திட்டுவது தொழிலாளரைத்தான். அவர்களுக்குச் சங்கம் எப்படி வந்தது என்று யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை.

1920களின் கொழும்பு கொதித்துக்கொண்டிருந்தது. 1922இல் ஏ.ஈ. குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே ரயில்வேயில் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்ற வேலைத்தலங்களுக்கும் பரவியது. 1927இல் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வாக்குரிமை வேணும் என்று டொனமூர் ஆணைக்குழுவிடம் கேட்டவரும் இதே குணசிங்கதான். சங்கமும் வாக்கும் ஒன்றாகவே கேட்கப்பட்டன.

கோட்டையிலிருந்து பொரளைக்கும் கிராண்ட்பாஸுக்கும் ஓடிய ட்ராம்களை நடத்தியது பூஸ்டெட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேயக் கம்பெனி. 1929 தொடக்கத்தில் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நகரத்துச் சனமும் அவர்கள் பக்கம் நின்றது. பெப்ரவரி 5ஆம் திகதி மருதானை பொலிஸ் நிலையத்தின் முன்னால் மோதல் வெடித்தது. நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. பொலிஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள்.

அதன் பிறகுதான் முதலாளிமார் சங்கத்தோடு பேச வந்தார்கள். அதே வருடம் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கும் இடையே கூட்டு ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தானது. தொழிற்சங்கச் சட்டம் வந்ததோ 1935இல். அதாவது, சட்டம் வர முதலே தொழிலாளர் தங்கட சங்கத்தை ஏற்க வைத்துவிட்டார்கள்.

வெற்றிக் கதையாக இதை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடிக்க எங்களுக்கு மனமில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலைகள் குறைந்தபோது, அதே குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். அவருடைய ‘வீரயா’ பத்திரிகையும் அதையே எழுதியது. ஒருகாலத்தில் அவரோடு வேலை செய்த கோ. நடேசய்யர் பிரிந்துபோய், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கம் அமைத்தார். 1933இல், மலையாளிகள் பெருமளவில் வேலை செய்த வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதைக் கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று நடத்தினார். குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார்.

சம்பளத்தைக் குறைத்தது முதலாளி. பழி விழுந்தது பக்கத்தில் நின்று வேலை செய்தவன்மேல். பொலிஸின் துப்பாக்கியால் உடையாத சங்கத்தை இந்தப் பழிதான் உடைத்தது. இன்றைக்கும் வேலை குறையும்போது யாரை நோக்கி விரல் நீட்டுகிறோம் என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கோ.