காவிரிக்கரைக் காய்ச்சல்கள் – 14: ஸ்ரீரங்கத்து டாக்டர்

1918 அக்டோபரில் திருச்சி பட்ட பாட்டை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் ஒரு பம்பாய்க் கணக்கு. அந்த ஆண்டு இன்ஃப்ளூயன்சாவில் அங்கே ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8.3 பேர் செத்தார்கள். சாதி இந்துக்களில் 18.9. தாழ்த்தப்பட்டவர்களில் 61.6, ஐரோப்பியரைப்போல் ஏழு மடங்கு. காய்ச்சல் எல்லா வீட்டுக்கும்தான் வந்தது. படுக்கத் தனி அறை, கஞ்சி வைத்துக்கொடுக்க ஓர் ஆள், கூலிக்குப் போகாமல் பத்து நாள் கிடக்க வழி, இவை இருந்தவர் எழுந்தார். மழை பொய்த்து அரிசி விலை ஏறிய ஆண்டு வேறு. செப்டம்பரில் சென்னையில் கடைகளைச் சூறையாடினார்கள். கிராமங்களில் சாவைப் பதிந்தவர் மருத்துவர் இல்லை, ஊர் அதிகாரி. 'சுரம்' என்று எழுதிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

திருச்சிக்கு வரும்போது டாக்டர் தி.சே.சௌ.ராஜனைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. 1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்த வைணவப் பிள்ளை. கடல் தாண்டினாலே ஆசாரம் கெட்டது என்றிருந்த காலத்தில் பர்மா போனார், லண்டன் போய் மருத்துவம் படித்தார். அங்கே இந்தியா ஹவுஸில் வரகனேரி வ.வே.சு.ஐயரோடும் சாவர்க்கரோடும் சேர்ந்துகொண்டார். ஐயர் சீக்கியர் வேடத்தில் தப்பி வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் இந்த இதழ் போதாது. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பியது திருச்சியில் ராஜன் வீட்டிலிருந்துதான்.

தலைவர்கள் பட்டியலில் அவரை நாம் ஓரத்தில் தள்ளிவிட்டோம். எனக்கு அவர் பெரியவர். உப்புக்காக மட்டும் அல்ல. 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரம் அவர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் உருவானதுதான் 1939-ன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். குடிநீர், சாக்கடை, திருவிழாக் கூட்டம் எல்லாம் அதில் உண்டு. 1918-ல் தொண்டர்களின் இரக்கத்துக்கு விடப்பட்ட காரியங்களில் பலவற்றை நகராட்சியின் கடமையாக எழுதிவைத்தார்கள். சேரிக்குக் குழாய் எப்போது வந்தது என்பது வேறு கதை. எழுதியவர்களைக் காட்டிலும் நிறைவேற்ற வேண்டியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். 2020-ல் கொரோனா வந்தபோது இதே சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் போட்டார்கள். அன்றாடம் ஓட்டினால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த ஆட்டோக்காரருக்கும் அதே தொகைதான்.

ராஜன் பக்கத்தைத் தின்றுவிட்டார். அக்டோபர், அடுத்த வாரம்.